சொட்டு எண்ணும் கிளிப்: இணையத்தில் போட்டுவிடுவதா, ஒரே ஆலைக்குக் கொடுப்பதா?

மின்டன் மேடு:
வணக்கம். பினாங்கில் இருப்பவர்கள்தான் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஐ.வி. சொட்டு எண்ணும் கிளிப் தயாராகிறது என்று வையுங்கள். சொட்டறைக்கு ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிரே போட்டோடயோடு. சொட்டு விழும்போது ஒளி மறையும், மைக்ரோகண்ட்ரோலர் எண்ணும். அவ்வளவுதான். சுற்றுப்படம், நிரல், பெட்டியின் முப்பரிமாணக் கோப்பு எல்லாவற்றையும் திறந்த வன்பொருள் உரிமத்தில் வெளியிடலாமா, இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஆலை ஒன்றுக்கு மட்டும் தனியுரிமம் கொடுக்கலாமா?

வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. தனியுரிமம் வாங்கிய ஆலையில் மேலாளர் மாறினால் திட்டம் அலமாரிக்குப் போய்விடும். அப்புறம் வேறு யாரும் தொட முடியாது. 1957 அக்டோபர் கடைசியில் மினியாப்பொலிஸில் மின்சாரம் போனபின், மினசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் வால்டன் லில்லஹை கேட்டார் என்று மின்னணுப் பொறியாளர் ஏர்ல் பேக்கன் நாலே வாரத்தில் மின்கலத்தில் ஓடும் இதய முடுக்கியைச் செய்து கொடுத்தார். சுற்று எங்கிருந்து வந்தது? மின்னணுப் பொழுதுபோக்கு இதழில் அச்சான, இசைக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சுற்று. யாரிடமும் உரிமம் கேட்டு அவர் நிற்கவில்லை.

லெப்பாஸ் 13485:
அண்ணே, பேக்கன் கதை நல்ல கதைதான். ஆனால் அமெரிக்காவிலேயே மருத்துவக் கருவிக்கென்று தனித் திருத்தச் சட்டம் வந்தது 1976இல். நம் நாட்டில் மருத்துவக் கருவிச் சட்டம் 737 நடைமுறைக்கு வந்தது 2013 ஜூன் 30. இன்று பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உற்பத்தியாளர். இணையத்தில் கோப்பை இறக்கிச் செய்பவருக்கும் அதே கதிதான். மருத்துவக் கருவி ஆணையமான எம்டிஏவில் பதிவு, ஐஎஸ்ஓ 13485 தர முறை, எது எப்படித் தவறலாம் என்று எழுதும் ஐஎஸ்ஓ 14971 இடர் கோப்பு, எல்லாம் அவர் தலையில்.

நீங்கள் சொன்ன சுற்று வேலையில் கால்வாசிகூட இல்லை. மிச்சத்தைக் கேளுங்கள்.

சாதாரண ஐ.வி. செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அந்தச் செட்டுக்கான ஐஎஸ்ஓ 8536-4 தரம் 20 சொட்டுக்குத் தருவது 1 மில்லி, 0.1 கூடக்குறைய, அதுவும் 23 டிகிரி காய்ச்சி வடித்த நீருக்கு, நிமிடத்துக்கு 50 சொட்டு வேகத்தில். ஒரு சொட்டுகூடத் தவறாமல் எண்ணினாலும் அளவில் 10 விழுக்காடு பிசகு செட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1 லிட்டர் 8 மணி நேரத்தில் போக வேண்டுமானால் மணிக்கு 125 மில்லி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. திரையில் 42 என்று காட்டினாலும் உள்ளே போவது மணிக்கு 113க்கும் 138 மில்லிக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அடுத்தது தெறிப்பு. கீழே தேங்கிய நீரில் சொட்டு விழுந்து துளி மேலே எகிறினால் ஒன்றை இரண்டாக எண்ணும். சொட்டறைச் சுவரில் நீர்த்துளி ஒட்டிக்கொண்டால் ஒளி நிரந்தரமாக மங்கும். யாராவது அறையை அழுத்தி நிரப்பிவிட்டால் சொட்டே கண்ணில் படாது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் சொட்டெல்லாம் ஒரே தாரையாகிவிடும். அப்போது கிளிப் காட்டுவது பூஜ்யம்! நோயாளிக்கு மிக ஆபத்தான நேரத்தில் கருவி “ஓட்டமே இல்லை” என்கிறது. தாதி என்ன செய்வார்? குழாயை இன்னும் திறப்பார். இந்த ஒரு வரி இடர் கோப்பில் இருக்கும். நீங்கள் ஏற்றப்போகும் முப்பரிமாணக் கோப்பில் இருக்காது.

சட்டக்காரி:
இரண்டு பேருமே தேதியை விட்டுவிட்டீர்கள். கண்காட்சியில் சுவரொட்டி ஒட்டித் தங்கப் பதக்கம் வாங்கிய அன்றே பாதிக் கதை முடிந்துவிடும். மலேசியக் காப்புரிமைச் சட்டம், விண்ணப்பதாரர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை தருகிறது, அமெரிக்காவிலும் ஓராண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை கிடையாது. ஆகவே முதலில் நம் அறிவுச்சொத்து அலுவலகமான மைஐபிஓவில் விண்ணப்பம், பிறகு சுவரொட்டி. விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பிசிடி விண்ணப்பம், பெரும்பாலான நாடுகளுக்கு 30ஆவது மாதம் வரை நேரம். வெளியிடுவதுதான் முடிவு என்றாலும் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

மின்டன் சாரின் அலமாரிப் பயத்துக்கு ஒப்பந்தத்திலேயே மருந்து உண்டு. “சொட்டு கண்காணிப்புக்கு மட்டும்” என்று பயன்பாட்டுத் துறையைக் குறுக்குங்கள். 18 மாதத்தில் சரிபார்ப்புச் சோதனை, 30 மாதத்தில் பதிவு விண்ணப்பம் என்று படி வையுங்கள். தவறினால் தனியுரிமம் தானாக, மற்ற ஆலைகளுக்கும் கொடுக்கக்கூடிய சாதாரண உரிமமாக இறங்கும். கட்டுரையை ஆலை படித்துப் பார்க்க 30 நாள், காப்புரிமை போட வேண்டுமானால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். முனைவர் பட்ட மாணவர் ஆலையின் லாபக் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

நிரலில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வந்த நிரல் நூலகம் கலந்திருக்கிறதா என்றும் முதல் வாரத்திலேயே பாருங்கள். கலந்திருந்தால், கருவியை வாங்குபவர் கேட்டால் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். ஆலை வக்கீல் அதைக் கண்டுபிடிப்பது வழக்கமாகக் கடைசி வாரத்தில்.

மின்டன் மேடு:
லெப்பாஸ் தம்பி சொன்ன தாரைக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது திறப்பதற்கு எதிரான வாதமா? அந்த இடர் கோப்பையும் சேர்த்தே வெளியிடுங்கள் என்றல்லவா ஆகிறது? காஸாவில் பணியாற்றிய மருத்துவர் தாரெக் லூபானியின் கிளியா குழு முப்பரிமாண அச்சில் ஸ்டெதஸ்கோப் செய்து, ஒலிச் சோதனை முடிவையும் 2018இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியிட்டது. சோதனை முறையோடு வந்ததால்தான் மற்றவர்களும் அதைச் செய்து பார்க்க முடிகிறது.

லெப்பாஸ் 13485:
ஸ்டெதஸ்கோப்பில் மின்கலம் இல்லை, நிரல் இல்லை, அலாரம் இல்லை. கிளிப்பில் மூன்றும் உண்டு. 2020 மார்ச்சில் மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ரானிக் தன் பிபி560 சுவாசக் கருவியின் வடிவமைப்பைப் பொதுவில் வைத்தது. இறக்கியவர் ஏராளம். ஆனால் அதற்குரிய வால்வும் உணரியும் கொடுக்கும் விநியோகஸ்தர், அளவீட்டுச் சோதனை மேசை, பயிற்சி பெற்ற கை, இவையெல்லாம் கோப்போடு வருவதில்லை. கோப்பு சமையல் குறிப்பு மாதிரிதான். அடுப்பு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

நிரலுக்கு ஐஈசி 62304 என்ற மருத்துவ மென்பொருள் தரம் வேறு. வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு நூலகத்துக்கும் பதிப்பு எண், தெரிந்த பிழைகள் எல்லாம் கேட்பார்கள். மாணவர் மடிக்கணினியில் “கடைசி_புதியது_3” என்று கிடக்கும் கோப்புக்கு என்ன பதில் எழுதுவது?

பயோமெட் பட்டர்வொர்த்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். மருத்துவமனை பக்கமிருந்து ரெண்டு விசயம். டெண்டர் மாறினா ஐ.வி. செட்டோட பிராண்டும் மாறும், சொட்டறை விட்டமும் மாறும். ஒரே செட்டை வச்சு வடிவமைச்ச கிளிப் அடுத்த வருசம் ஆடும், இல்லன்னா ஏறவே ஏறாது. ரெண்டாவது, துடைக்கிறது. ஆல்கஹால் வைப்ஸ் போட்டுத் துடைச்சுத் துடைச்சு, கிளிப்ல ஒளி போற அக்ரிலிக் ஜன்னல் மயிரிழை மாதிரி வெடிக்கும். ஒளி சிதறி எண்ணிக்கை தப்பும். ஆய்வகத்துல இது தெரியவே தெரியாது, அங்க யாரும் ஒரு நாளைக்கு ஆறு தடவை துடைக்கிறதில்ல.

என்னைக் கேட்டா, கிளிப்பை யாருக்கு வேணும்னாலும் வித்துக்குங்க. சோதனை மேசையைத் திறந்து விடுங்க. எந்த ஆலை கொண்டு வந்தாலும் ஒரே மேசையில நாங்க ஒப்பிட்டுப் பார்க்கணும்.

சட்டக்காரி:
இது ஒப்பந்தத்தில் எழுதக்கூடியது. சோதனை முறையும் தரவும் பல்கலைக்கழகத்துடையது, பொது வெளியீடு. கிளிப் வடிவம் ஆலைக்கு உரிமம். முன்பே இருந்த அறிவுச்சொத்துப் பட்டியலில் மேசையை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் கூட்டுச் சொத்து என்று சண்டை வரும்.

லெப்பாஸ் 13485:
அதற்கு நான் சம்மதம். மின்டன் அண்ணன் முழுசாகச் சம்மதிக்க மாட்டார், தெரியும்.

மின்டன் மேடு:
மாட்டேன். கிளிப் வடிவமும் வெளியே வரணும், ஐந்து வருடம் கழித்தாவது. அது இருக்கட்டும், மேசைக்கு என்னென்ன வேண்டும்?

லெப்பாஸ் 13485:
0.01 கிராம் காட்டும் தராசு, மேலே குடுவை. நீர் ஆவியாகாமல் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். நிமிடத்துக்கு 10, 40, 120 சொட்டு. ஒவ்வொன்றும் 30 நிமிடம். சொட்டறையை நேராக, 10 டிகிரி, 20 டிகிரி சாய்த்து. ஜன்னல் வெயில் நேரே படும்படி ஒரு சுற்று, இருட்டில் ஒரு சுற்று. குறைந்தது மூன்று பிராண்டு செட். அதோடு தாரை ஓட்டமும் நிரம்பிய அறையும் கட்டாயம். கிளிப் தோற்ற ஓட்டங்களையும் மறைக்காமல் போடணும்.

பயோமெட் பட்டர்வொர்த்:
தண்ணியில மட்டும் ஓட்டிட்டு நிறுத்திடாதீங்க. வார்டுல குளுக்கோஸும் போகுது. 5 விழுக்காடு குளுக்கோஸ் தண்ணியைவிட ஏறக்குறைய 2 விழுக்காடு கனம். கிராமை மில்லியாக்கும்போது அடர்த்தியால வகுத்துருங்க, இல்லன்னா அந்தப் பழியும் கிளிப் மேலதான் விழும்.