போட்டிக்கு முன் குவில்ட் துவைத்தல்: உங்களுக்கு என்ன நடந்தது?

பெருந்துறையிலிருந்து:

ஏழு மாதம் தைத்த குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. 72 அங்குலச் சதுரம், வெள்ளையில் சிவப்பு நட்சத்திரங்கள். சிவப்பை ஈரோடு கனி மார்க்கெட்டின் திங்கள் இரவுச் சந்தையில் வாங்கினேன். வெட்டும் முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. கை அழுக்கும் தேங்காய் எண்ணெய் வாசமும் போகட்டும் என்று மெஷினில் போட்டேன். பாதியில் மின்சாரம் போய்விட்டது. முன்பக்கக் கதவு மெஷின், தண்ணீரோடு பூட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது நட்சத்திரங்களைச் சுற்றியிருந்த வெள்ளை முழுவதும் ரோஸ் மில்க் நிறம். துவைத்ததால் வந்த வினை அல்ல இது. கசங்கிய ஈரத்தோடு கிடந்ததால் வந்தது.

உப்பில் ஊறவை, வினிகர் ஊற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கல் உப்பும் கையுமாக நின்றபோது எதிர்வீட்டுப் பெரியப்பா தடுத்தார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்; 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையை விட்டு வந்தவர். “உப்பு சாயத்தைத் துணிக்குள் ஏற்றுவதற்கு, அம்மிணி. பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவோம். உனக்கு இப்போது வெளியே அல்லவா வர வேண்டும்?” என்றார்.

நூலில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை வெந்நீர்தான் கிளப்பும். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் கிளம்பியது வெள்ளையில் திரும்பப் போய் உட்காராது. எங்கள் போர்த் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அதில் அலசினால் சாயம் லேசில் விடாது என்றும் சொன்னார். நல்ல வேளையாக அன்று மாலை குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் முறை. கல்யாண அண்டாவில் கை பொறுக்காத வெந்நீர், கொஞ்சம் திரவ சோப்பு, துணி மேலே மிதக்காமல் இருக்க ஒரு தாம்பாளம். விடியற்காலையில் பார்த்தால் பீட்ரூட் சாறு. மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன், தெளிவாக இருந்தது. துணியும் வெளுத்துவிட்டது.

ஆனால் உள்ளே இருந்த பருத்திப் பஞ்சு சுருங்கி, சதுரம் கோணிக்கொண்டது. கூடத்தில் தார்ப்பாய், அதன்மேல் பழைய கம்பளி, அதன்மேல் ஈரக் குவில்ட். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய மூலைமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை பிடித்த குறுக்களவு ஒன்று மற்றதைவிட இரண்டு அங்குலம் கூடுதல். குறைந்த பக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவி இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, மின்விசிறியைப் போட்டு இரண்டு இரவு விட்டேன். வீட்டில் எல்லோரும் சுவரோரமாகவே நடந்தார்கள்.

கோவையிலிருந்து:

என்னைக் கவிழ்த்தது நீலப் பேனா. தையல் கோடு வரைவோமே, தண்ணீர் பட்டால் மறையும் பேனா, அதுதான். முதல் குவில்ட்டில் கோட்டின் மேலேயே இஸ்திரி போட்டேன். சூட்டில் பழுப்பாகிப் பிடித்துக்கொண்டது. அடுத்ததில் தண்ணீர் தெளித்தேன். மறைந்தது, காய்ந்ததும் கோடு கோடாகத் திரும்பி வந்தது. தெளித்தால் மை பஞ்சுக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறது. இப்போதெல்லாம் முதலில் சோப்பு இல்லாத பச்சைத் தண்ணீரில் முழுவதும் மூழ்கடித்து அலசிவிடுகிறேன், சோப்பு அதற்குப் பிறகுதான். வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருவதால் பெருந்துறை அக்காவின் போர்த் தண்ணீர்க் கவலை எனக்கு இல்லை.

பூனை வளர்க்கிறவர்கள் அகலமான டேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி கையில் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தையும் ஒற்றி முடியை எடுங்கள். நடுவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள்.

சென்னிமலையிலிருந்து:

எங்கள் வீட்டில் தறி. கண்காட்சிக்குப் போகும் போர்வையை நாங்கள் துவைக்கவே மாட்டோம். பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஏற்றிய கஞ்சி போனால் விறைப்பும் போய்விடும். உதறி, நிழலில் காற்றாட விடுவதோடு சரி. ஒரு முறை அத்தை, இயற்கையானது ஒன்றும் செய்யாது என்று பவானி ஜமக்காளத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினார். வெளிர் பட்டைகளில் டீக்கறை போலப் படிந்துவிட்டது. அது இன்றும் மாடியில் வடகம் காயப்போடத்தான் உதவுகிறது.

பெருந்துறையிலிருந்து மீண்டும்:

எப்படிக் கொண்டுபோனேன் என்று கேட்டவர்களுக்கு: பழைய பிளாஸ்டிக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் குவில்ட்டைச் சுருட்டிக்கொண்டேன். மடித்தால் மடிப்புத் தடம் தொங்கவிட்ட பிறகும் தெரியும். தொங்கவிடும் கம்பிக்காகப் பின்பக்கம் மேல் விளிம்பில் நான்கு அங்குல உறை தைக்க மறந்து, பஸ்ஸில் உட்கார்ந்து கையால் தைத்தது தனிக் கதை.

பரிசு இல்லை. நடுவர் தாளில் துவைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; விளிம்புப் பட்டிக்குள் பஞ்சு நிரம்பவில்லை, மூலைகள் மழுங்கியிருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். தாளைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நட்சத்திரத்தின் பக்கத்து வெள்ளையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.