தினமும் 7 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எந்த எஞ்சின்? சின்ன டர்போவா, சாதாரண பெட்ரோலா, ஹைப்ரிடா?

புதுச்சாவி:
வணக்கம் நண்பர்களே. பழைய காரை மாற்றப் போகிறேன். வேலைக்கு ஒரு பக்கம் 7 கிலோமீட்டர், பெரும்பாலும் நெரிசல். மாதத்தில் ஓரிரு முறை குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம், அதில் கொஞ்சம் மலை ஏற்றமும் உண்டு. எனக்குப் பிடித்த மாடல் 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் என மூன்று விதமாக வருகிறது. ஷோரூமில் டர்போவைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். பத்து வருடமாவது வைத்து ஓட்டும் எண்ணம். எதை எடுக்கலாம்?

கைக்கறை:
முதலில் அந்த 7 கிலோமீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள் நண்பரே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் கூலன்ட் திரவத்தின் சூடு. அடியில் இருக்கும் ஆயில் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவியும் கூடவே போய்ச் சேரும். நீண்ட தூரம் ஓட்டினால் இரண்டும் ஆவியாகிவிடும். 7 கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் அப்படியே தங்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம் சேரும்.

சின்ன டர்போக்களில் பெரும்பாலானவை நேரடி இன்ஜெக்ஷன். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவதால் சுவரில் படிவது அதிகம். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும், அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம். அந்த ஆயிலே நீர்த்துப்போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று, நேரடி இன்ஜெக்ஷனில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை, அதனால் அதைக் கழுவிவிட ஆள் இல்லை. ஓடித் தேய்ந்த எஞ்சினில், காற்று வரும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், வால்வின் கழுத்தில் கரி மரப்பட்டை போலத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் வராது. சாதாரண பெட்ரோல், அதுவும் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்ஷன் என்றால் இந்தத் தலைவலி கிடையாது. என் ஓட்டு 1.5-க்கு.

மலையேறி:
கைக்கறை அண்ணன் சொன்ன கோளாறுகள் உண்மைதான், ஆனால் கதையின் ஒரு பாதியை மட்டும் சொல்கிறார். கேட்டவர் குடும்பத்தோடு மலை ஏற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

1.5 லிட்டர் சாதாரண பெட்ரோலில் டார்க், அதாவது இழுவை, 140, 145 நியூட்டன் மீட்டர் என்ற அளவில்தான் இருக்கும், அதுவும் 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று) தாண்டி. 1.0 டர்போ 170-லிருந்து 200 வரை கொடுக்கும், 2000 ஆர்பிஎம்முக்கு முன்பே. ஐந்து பேர், பெட்டிகள், ஏசி எல்லாவற்றோடும் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேலே ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். கியரைக் குறைத்து, எஞ்சின் அலற அலற ஏறிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரம் போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சாதாரண எஞ்சின் ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும்.

கரிப் பிரச்சினைக்கும் மருந்து இருக்கிறது. டொயோட்டா 2005 வாக்கிலேயே நேரடி இன்ஜெக்டர், போர்ட் இன்ஜெக்டர் இரண்டையும் ஒரே எஞ்சினில் வைத்தது. மற்ற கம்பெனிகளும் சில எஞ்சின்களில் அதையே செய்கின்றன. ஆரம்பகால எஞ்சின்களை வைத்து இன்றைய டர்போவை எடை போடக் கூடாது.

கைக்கறை:
மலையேறி தம்பி, மலையில் டர்போ சுகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சின்ன டர்போக்கள் ஏன் வந்தன என்று பாருங்கள். ஐரோப்பாவில் புகை அளவுக்கும் மைலேஜுக்கும் முன்பு என்இடிசி என்றொரு சோதனை இருந்தது. சுமார் 11 கிலோமீட்டர், 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்தும் ஓட்டம். அந்த மென்மையான ஓட்டத்தில் டர்போ பெரிதாக வேலை செய்யாது. சின்ன எஞ்சினின் சிக்கனம் மட்டும் தாளில் ஏறும், பெரிய எஞ்சினின் சக்தியை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். நிஜச் சாலையில் காலை அழுத்தினால் டர்போ விழிக்கும். வெளியேறும் புகையின் சூடு எகிறும்போது, சூட்டைத் தணிக்கவே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும் எஞ்சின்கள் நிறைய. அட்டையில் போட்ட மைலேஜ் அங்கே காணாமல் போகும். 2017-லிருந்து அதற்குப் பதிலாக வந்த டபிள்யூஎல்டிபி சோதனை அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், வேகமும் அதிகம். அப்புறம்தான் எண்கள் கொஞ்சமாவது நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தன.

எல்லோரும் எஞ்சினைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்தில் மாஸ்டா அந்தப் பக்கம் போகாமல், டர்போ இல்லாத எஞ்சினிலேயே கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதத்தை, 14-க்கு 1 வரை ஏற்றிச் சிக்கனம் காட்டியது. ஆக வழி ஒன்றுதான் என்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில சின்ன டர்போக்களில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். உராய்வு குறையும் என்று அப்படி வடிவமைத்தார்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்தால் அந்த ரப்பர் ஊறி உதிரும், உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும், எஞ்சினுக்கு ஆயில் போகாது. குறுகிய தூரம் ஓட்டுபவர்தான் இதில் முதலில் மாட்டுவார். புதுச்சாவி, நீங்கள் பார்க்கும் டர்போவில் செயினா, உலர்ந்த பெல்ட்டா, ஆயிலில் ஓடும் பெல்ட்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மௌனமோட்டார்:
இருவரும் எந்தப் புகைக்குழாய் நல்லது என்று வாதாடுகிறீர்கள். 7 கிலோமீட்டர் நெரிசல் ஓட்டம் என்றால் அது மின்சாரக் காருக்கென்றே அமைந்த வழி. சூடாக வேண்டிய எஞ்சின் ஆயில் இல்லை, கரி இல்லை, பெல்ட் இல்லை. மோட்டார் தான் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் அளவுக்கு இயக்கமாக மாற்றும். நெரிசலில் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்த்தாலே பெரிது. டார்க்குக்கும் 2000 ஆர்பிஎம் வரை காத்திருக்க வேண்டாம்.

தொழில் போகும் திசையையும் பாருங்கள். 2024-ல் உலகம் முழுவதும் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரக் கார் அல்லது செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட். நார்வேயில் 10-ல் ஏறக்குறைய 9 முழு மின்சாரம். சீனக் கம்பெனியான பிஒய்டி 2022 மார்ச்சிலேயே வெறும் பெட்ரோல் எஞ்சின் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் இதை யோசிக்க வேண்டாமா?

புதுச்சாவி:
யோசிக்காமல் இல்லை மௌனமோட்டார். நான் இருப்பது அடுக்குமாடி, கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜிங் கிடையாது. போட அனுமதி கேட்டிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியவில்லை.

மௌனமோட்டார்:
சரி, அப்படியென்றால் இப்போதைக்கு நானே வேண்டாம் என்பேன். இரவில் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் ஏற வேண்டும், மின்சாரக் காரின் நிம்மதியே அதுதான். தினசரித் தேவைக்கெல்லாம் வெளியே போய் வரிசையில் நிற்பது சீக்கிரம் சலித்துவிடும்.

யாராவது பிளக்-இன் ஹைப்ரிட் எடுக்கச் சொன்னால் அதற்கும் இதே பதில். செருகுவதற்கு இடம் இல்லையென்றால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட்டுவீர்கள். 2021-ல் பதிவான கார்கள் தங்களுக்குள்ளேயே பதிந்துவைத்த எரிபொருள் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. பிளக்-இன் கார்களின் நிஜக் கார்பன் டை ஆக்சைடு புகை, சோதனைக்கூட அளவைப் போல சராசரியாக 3.5 மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் அந்த இடைவெளி 20 சதவீதம் அளவுதான்.

தூரவண்டி:
டீசலைப் பற்றி யாருமே பேசவில்லையே. நெடுஞ்சாலையிலேயே வாழும் எனக்கு இன்றும் அதற்கு ஈடு இல்லை. ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஆற்றல், கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை, டேங்க் நிரப்பினால் நாள் முழுக்கப் போகலாம். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் சோதனையை ஏமாற்றும் மென்பொருளோடு 1.1 கோடி கார்களை ஓடவிட்டது வெளியே வந்ததும் டீசல் என்றாலே குற்றம் என்று ஆகிவிட்டது. செய்தது தப்பு, அதில் மறுபேச்சில்லை. அதற்காக இன்றைய சுத்தமான டீசலையும் ஒதுக்குவது நியாயமில்லை.

கைக்கறை:
உங்கள் ஓட்டத்துக்கு டீசல் சரி தூரவண்டி அண்ணே. புதுச்சாவிக்குக் கொடுத்தால் அது அவருக்குச் செய்யும் கெடுதல். டீசலின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க அது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய வேண்டும், அதற்கு ஓரளவு வேகத்தில் இடைவிடாமல் ஓட வேண்டும். நெரிசலில் ஊர்ந்துவிட்டு அணைப்பவருக்கு அது பாதியிலேயே நின்று நின்று, கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரியும். கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலும் ஆயிலில் கலக்கும்.

என் ஓட்டையும் கொஞ்சம் விரிக்கிறேன். பட்ஜெட் இடம் கொடுத்தால் 1.5-ஐவிட ஹைப்ரிட் மேல்.

மலையேறி:
இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை அண்ணே. 7 கிலோமீட்டரில் ஆயில் காயவில்லை என்பதுதானே டர்போ மேல் நீங்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு? ஹைப்ரிடில் பாதி நேரம் எஞ்சின் அணைந்தே கிடக்கும். ஆயில் இன்னும் குளிர்ந்தல்லவா இருக்கும்? டர்போவுக்கு ஒரு நியாயம், ஹைப்ரிடுக்கு ஒரு நியாயமா? அப்புறம் மலை. அந்தப் பேட்டரி ஒன்று, ஒன்றரை கிலோவாட் மணிதான் இருக்கும். நீண்ட ஏற்றத்தில் அது காலியானதும், வண்டியை இழுப்பது டார்க் குறைந்த ஒரு பெட்ரோல் எஞ்சின். ஒரே சுருதியில் கத்திக்கொண்டே ஏறும்.

கைக்கறை:
நல்ல கேள்வி, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஹைப்ரிடிலும் ஆயில் குளிராகத்தான் இருக்கும். வித்தியாசம், அந்த எஞ்சின் மேல் விழும் பாரத்தில். குளிர்ந்த நிலையில் வண்டியை நகர்த்தும் கடினமான வேலையை மோட்டார் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் தனக்குத் தோதான சுற்றில் மிதமாக ஓடும். இவ்வகை எஞ்சின்களில் பல போர்ட் இன்ஜெக்ஷன், டர்போ கிடையாது, 2 லட்சம் சுற்று சுழலும் தண்டும் கிடையாது. ஆயில் நீர்த்தாலும் உடனே அடிபட அங்கே ஆள் குறைவு. ஆனாலும் ஆயிலை மாற்றக் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்க்க வேண்டும், அதில் நீங்கள் சொல்வது சரி.

சிக்கல் நிறைந்த இயந்திரம் என்று ஹைப்ரிடைப் பயப்படுகிறார்கள். 1997-ல் வந்த பிரியஸ் வழியில் அமைந்தவற்றில் தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, தேயும் கிளட்ச் இல்லை, கியர் மாறுவதே இல்லை. ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் நெடுநாள் வரும். தானாகக் கியர் மாற்றினாலும் நெரிசலில் சூடேறித் திணறும் உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸோடு டர்போவைக் கட்டிக் கொடுக்கிறார்களே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்கனத்துக்கும் ஒரு கணக்கு: 2015 கடைசியில் வந்த பிரியஸின் 1.8 எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதம் வரை வேலையாக மாற்றியது. அது உச்ச அளவு. மோட்டார் துணை இருப்பதால் எஞ்சினை அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்ட முடிகிறது.

மலையில் கத்தும் என்பது உண்மை. கத்தினாலும் ஏறிவிடும்.

மலையேறி:
ஏறும், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால், காலடியில் இழுவை தயாராக இருப்பது எனக்குப் பாதுகாப்பு. அதை மைலேஜ் கணக்கில் எழுத முடியாது. புதுச்சாவி, டர்போ பக்கம் சாய்ந்தால் இரண்டு விஷயம். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்தது) தர ஆயில் அல்லது கம்பெனி சொல்லும் அதற்கு மேலான தரம் மட்டும் ஊற்றுங்கள். குறைந்த சுற்றில் கலவை முன்கூட்டியே பற்றிப் பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்க அந்தத் தரத்தில் தனிச் சோதனையே உண்டு. மேல் கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காலை முழுக்க அழுத்தாதீர்கள், ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள்.

மௌனமோட்டார்:
ஒரு சந்தேகம். அந்த மாடலில் ‘ஹைப்ரிட்’ என்று ஒட்டியிருப்பது முழு ஹைப்ரிடா, மைல்ட் ஹைப்ரிடா? பின்னது பெரும்பாலும் வலுவான ஆல்டர்னேட்டர்தான். எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், வண்டியைத் தனியாக நகர்த்தாது. கைக்கறை சொன்ன நன்மைகளில் பலவும் அதற்குப் பொருந்தாது.

புதுச்சாவி:
விசாரித்துவிட்டேன், முழு ஹைப்ரிட்தான். எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் நகர்கிறது. டர்போவில் பெல்ட் என்ன வகை என்று கேட்டதற்கு ஷோரூமில் பதில் இல்லை, சர்வீஸ் பிரிவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இந்த வாரக் கடைசியில் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஹைப்ரிடையும் டர்போவையும் ஒரே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் கத்தல் வீட்டாருக்குப் பொறுக்கும் என்றால் ஹைப்ரிட்.

கைக்கறை:
நல்லது. எதை எடுத்தாலும் கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். குறுகிய தூரம், நெரிசல், நெடுநேரம் ஐடிலிங் எல்லாம் அதில்தான் வரும். அந்தப் பட்டியலில் ஆயில் மாற்றும் இடைவெளி பல கார்களில் வழக்கத்தில் பாதிதான். சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி, அதன்படி மாற்றச் சொல்லுங்கள்.