13 செவ்வாய், 9 நாள் நவநாள்: அந்தோனியார் திருவிழாக் கணக்கில் எங்கே பிசகுகிறது?

ஜூன் 13 பதுவா புனித அந்தோனியார் திருவிழா. அதற்கான நாட்கணக்கும் நேர்த்தியும் பற்றிக் கொழும்புப் பக்கத்திலிருந்து ஐவர் எழுதியவை இவை; தலைப்பு அவரவர் இடம்.

கொட்டாஞ்சேனை

13 செவ்வாய் நேர்த்தி (திருவிழாவுக்கு முன் பதின்மூன்று செவ்வாய் தொடர்ந்து செபிப்பது) வைக்கிறவர்கள் எண்ணத் தொடங்க வேண்டியது முடிவிலிருந்து. ஜூன் 13க்கு முன்னால் வருகிற கடைசிச் செவ்வாய்தான் பதின்மூன்றாவது. அதிலிருந்து 12 கிழமை, அதாவது 84 நாள், பின்னோக்கிப் போனால் முதற் செவ்வாய். 2027ஐ எடுங்கள்: கடைசிச் செவ்வாய் ஜூன் 8, முதலாவது மார்ச் 16. பதின்மூன்றுதானே என்று 13 கிழமையைக் கழித்தால் மார்ச் 9 வரும், 14 செவ்வாய் ஆகிவிடும். வழக்கமான பிழை இதுதான்.

அதே வருடம் இரண்டாவது செவ்வாய், மார்ச் 23, புனித வாரத்துக்குள் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய வாரம்) விழுகிறது. அன்று கோயிலில் புனிதருக்கென்று தனித் திருப்பலி வைக்க முடியாது. வீட்டுச் செபத்துக்குத் தடை இல்லை, ஆகவே அந்த நாளை விட்டுவிட்டு எண்ணத் தேவையில்லை.

ஏன் செவ்வாய் என்று இளையவர்கள் கேட்பார்கள். அந்தோனியார் பதுவாவுக்குப் பக்கத்தில் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் நடந்தது 17ஆம் திகதி செவ்வாய்.

முகத்துவாரம்

நவநாளிலும் (திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் செபம்) இதே குழப்பம் உண்டு. கொடியேற்ற நாளையே முதல் நாளாகப் பிடித்தால் நவநாள் 11ஆம் திகதி முடிந்து, 12 வெறுமையாக நிற்கும். திருவிழா நாளையும் சேர்த்து எண்ணினால் தொடக்கம் ஒரு நாள் பிந்திவிடும். ஜூன் 3 மாலை கொடி, 4 முதல் 12 வரை ஒன்பது நாள், 13 திருவிழாத் திருப்பலி. வீட்டில் செபிப்பவர்களுக்கும் இந்தக் கணக்குத்தான் சரி. இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டையும் சேர்த்துச் சொல்லித் தொடரலாம். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது யாரோ கட்டிவிட்ட பயம்.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஒரு முறைதான் வர முடியும் என்றால் 13ஐ விட நவநாளில் ஒரு காலைப்பொழுது நல்லது. வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிற திருப்பண்டத்தை (புனிதரின் நாவின் சிறு துண்டு) நின்று கும்பிட அப்போதுதான் இடம் கிடைக்கும். 1263இல் அவருடைய சவப்பெட்டியைத் திறந்தபோது உடல் மக்கியும் நா அழியாமல் இருந்தது. அப்போது பிரான்சிஸ்கன் சபைத் தலைவராக இருந்த பொனவெந்தூர் அங்கே நின்றார். பேருரையாளருடைய நா என்பதால்தான் அதற்கு இத்தனை மதிப்பு.

நெரிசலில் மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு நடக்காதீர்கள். திரி மேடைக்குப் போன பிறகு ஏற்றுங்கள். நைலக்ஸ் சேலை, நீண்ட சால்வை இரண்டும் வேண்டாம். பெரிய பையும் வேண்டாம், வாசலில் சோதனை இருக்கும்.

ஜம்பட்டா வீதி

மேலே முகத்துவாரத்து அண்ணா சொன்ன திகதிகள் கொச்சிக்கடைக்குச் சரி. மற்றப் பங்குக் கோயில்களில் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பொதுவான நாட்காட்டியில் அந்தோனியார் நாள் ஒரு ‘நினைவு’ என்ற கீழ்நிலை மட்டும்தான். தன் பெயரில் உள்ள கோயிலில்தான் அது ‘பெருவிழா’ என்ற மேல்நிலை. 2026இல் ஜூன் 13 சனிக்கிழமை, அதற்கு முந்திய நாள் திரு இருதயப் பெருவிழா. ஆகவே அதற்கு மறுநாள் வைக்கப்படுகிற மரியாவின் மாசற்ற இதய நினைவும் அதே சனியில் வருகிறது. இப்படி இரண்டு நினைவுகள் மோதினால் அந்த வருடம் இரண்டுமே விருப்ப நினைவாகிவிடும். எந்தப் பூசை என்பது குருவின் தெரிவு, அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5இல் வருகிற வருடங்களில் இது நடக்கும்: 2015, 2026, பிறகு 2037.

ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் வேறு கதை. 2027 ஜூன் 13 பொதுக்கால ஞாயிறு, அந்தோனியார் பெயரில் உள்ள கோயிலில் பெருவிழா அந்த ஞாயிறின் இடத்தில் அன்றே நிற்கும். ஆனால் கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித லூசியாவின் திருநாளான டிசம்பர் 13, 2026இல் திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்திய காலம்) மூன்றாம் ஞாயிறு. அந்த ஞாயிறு எந்தப் புனிதருக்கும் இடம் விடாது, பெருவிழா திங்கள் 14க்குத் தள்ளப்படும் என்பது விதி. வெளிவிழாவும் பவனியும் எந்த நாள் என்பதை நம்ம பேராலய அறிவித்தலில் பார்த்துவிட்டே லீவு எழுதிக் கொடுங்கள்.

வெள்ளவத்தை

பெயர்விழா (தன் பெயருள்ள புனிதரின் திருநாள்) கொண்டாடுகிறவர்களுக்கு ஒன்று. அந்தோனியார் இருவர். ஜனவரி 17 வனத்து அந்தோனியாருடையது: எகிப்தியர், தாடி, கையில் ஊன்றுகோல், காலடியில் பன்றி. லிஸ்பனில் 1195இல் பிறந்து பெர்னாந்து என்று ஞானஸ்நானம் பெற்ற நம்முடையவருக்குக் குழந்தை இயேசு, லீலி மலர், புத்தகம், இடுப்பில் முடிச்சுக் கயிறு. பழைய படங்களை வாங்கும்போது கையைப் பாருங்கள், பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். இரும்புக் கிராதி பிடித்திருந்தால் லோரன்சு, ஆகஸ்ட் 10. தட்டில் கண்கள் என்றால் லூசியா. இலங்கையில் பணிசெய்த நம்ம யோசேப்பு வாஸ் அடிகளுக்கு ஜனவரி 16, வனத்தவருக்கு முந்திய நாள். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதர் பட்டம் கிடைத்ததால் 14ஐத் திருநாளாக நினைப்பவர்கள் உண்டு. திருநாள் 1711இல் கண்டியில் அவர் இறந்த திகதிக்கு உரியது.

வத்தளை

அந்தோனியார் பாண் (அவர் பெயரில் நேர்ந்து ஏழைகளுக்குக் கொடுக்கிற பாண்) பற்றி யாரும் எழுதவில்லை. பிள்ளைக்காக நேர்ந்தால் பிள்ளையின் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்கு என்பது பதுவாவிலிருந்து வந்த பழைய வழக்கம். பாணாக நேர்ந்து கொடுப்பது 1890இல் பிரான்சின் தூலோனிலிருந்து பரவியது. 12 கிலோப் பிள்ளைக்கு 12 கிலோ பாண் வாங்கினால் அடுத்த நாளே காயத் தொடங்கும், மழை ஈரத்தில் மூன்றாம் நாள் பூஞ்சணம். ஆசீர்வாதத்துக்குச் சில றாத்தல் பாணை மட்டும் கொண்டுபோய், மீதியை அரிசியாகக் கொடுங்கள். எடையை நேர்ந்த அன்றே நிறுத்து எழுதி வையுங்கள். நிறைவேற்றுகிற நேரத்தில் பிள்ளை வளர்ந்திருக்கும், பிறகு எது கணக்கு என்று வீட்டில் விவாதம். முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதானால் முதல் நாளே கோல் எடுத்து, சம்பாவா நாட்டரிசியா என்று கேட்டு வாங்குங்கள். 13ஆம் திகதி எல்லாரும் கொண்டுபோய்க் குவிப்பதால் ஜூலையில் கொடுப்பதுதான் அவர்களுக்கு உதவி.