ஸ்பானிஷ் பேசினாலும் ஆங்கிலம் போலவே கேட்கிறது: எதை முதலில் திருத்துவது?

கேள்வி:
பள்ளி முதல் வேலை வரை எனக்கு எல்லாமே ஆங்கிலம்தான், தமிழ் வீட்டோடு சரி. இப்போது ஸ்பானிஷ் படிக்கிறேன். இலக்கணம் பரவாயில்லை, வாயைத் திறந்தால்தான் சிக்கல். ஆங்கில வாடை தூக்கலாக இருக்கிறது என்கிறார்கள். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். என் வாயில் இரண்டும் ஒன்றுதான். அந்த உருட்டும் ர வந்துவிட்டால் போதுமா?

பதில் 1:
ர-வை அப்புறம் பார்க்கலாம். உங்களை முதலில் காட்டிக்கொடுப்பது உயிர் ஒலிகள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர் மங்கிவிடும். 'பனானா' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: நடுவில் இருப்பது மட்டும் தெளிவு, முன்னும் பின்னும் பாதி விழுங்கிய ஒலி. ஸ்பானிஷில் அந்த மூன்றும் முழு 'அ'. அந்த மொழிக்கு உயிர் ஐந்தே ஐந்து, எங்கே வந்தாலும் மங்காது. அதேபோல் ஆங்கில 'நோ' முடியும்போது உதடு குவிந்து 'உ' பக்கம் சரியும். ஸ்பானிஷ் 'நோ' சரியாது. 'நோய்' என்பதில் வரும் நோ-வைக் கொஞ்சம் குறுக்கினால் அதுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அடுத்தது ப, த, க. ஆங்கிலத்தில் இவை சொல்லின் தொடக்கத்தில் வந்தால் காற்று சேர்ந்து வெளியே வரும். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்தால் தெரியும். ஸ்பானிஷில் கையில் காற்று படக் கூடாது, தமிழில் படாதது போல.

பல பாடநூல்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிடுவதுதான் வம்பு. அந்த நூல்கள் 'ட' என்று காட்டும் ஸ்பானிஷ் ஒலி உண்மையில் நம் த, பல்லைத் தொடும் த. 'எல்லாம்' என்பதற்கு அங்கே 'தோதோ'. முதல் த வன்மை, இரண்டாவது மென்மை. 'தாது' என்று சொல்லும்போது உங்கள் நாக்கு செய்வதும் அதேதான்! உங்களிடம் இருக்கிற ஒலியை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய்த் தேடுகிறீர்கள்.

பதில் 3:
தமிழை நம்பலாம், ஆனால் முழுசாக நம்பாதீர்கள். நாம் 'எ'யில் தொடங்கும் சொல்லை 'யெ' என்றும், 'ஒ'வை 'வொ' என்றும் இழுப்போம். எட்டு என்ற எண் அங்கே 'ஓச்சோ'. பலர் 'வோச்சோ' என்பார்கள். 'இந்த' என்பதற்கான 'எஸ்தே'வும் 'யெஸ்தே' ஆகிவிடும்.

கேட்டவர்:
நன்றி. 'யெஸ்தே' நானும் சொல்கிறேன் போலிருக்கிறது. ஆனால் உருட்டும் ர? நாக்கை வேகமாக ஆட்டினாலும் வரவில்லை. அப்புறம் ஸ்பெயின் உச்சரிப்பா, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பா?

பதில் 2:
ஆட்டுவதால் வராது, அதை ஆட்டுவது காற்று. நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அடைத்திருக்கட்டும். நுனி மட்டும் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தளர்ந்து கிடக்கட்டும். இப்போது ஊதுங்கள். நுனி இறுகினால் வெறும் 'ஸ்' மாதிரி சத்தம்தான் வரும். 'பெரோ'வில் வரும் ஒற்றைத் தட்டு ர-வுக்குப் பாடே இல்லை, தமிழ் 'மரம்' போதும். அமெரிக்க ஆங்கிலத்தில் 'வாட்டர்' சொல்லும்போது நடுவில் தட்டுவதும் அதுவே. சொல்லின் தொடக்கத்தில் ஒற்றை ர எழுதியிருந்தாலும் உருட்ட வேண்டும், 'ரோஹோ' (சிவப்பு) போல. ந, ல, ஸ ஒலிகளுக்குப் பின்னாலும் அப்படியே.

பதில் 1:
எந்த நாட்டு உச்சரிப்பு என்பது நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'சாப்பாத்தோ'வின் (காலணி) முதல் ஒலிக்கு நாக்கைப் பல்லிடையில் வைப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் ஸ. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸில் தெரு என்று பொருள்படும் 'காயே'வே 'காஷே' ஆகிவிடும். எதுவானாலும் புரியும், கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைவிட அழுத்தத்தைக் கவனியுங்கள். முன்னசையில் அழுத்தினால் 'ஆப்லோ', நான் பேசுகிறேன். கடைசியில் அழுத்தினால் 'ஆப்லோ', அவர் பேசினார். எழுத்தில் இரண்டாவதன் கடைசி உயிருக்கு மேல் ஒரு சாய்கோடு இருக்கும்.