லாட்டி அனிமேஷன்: பிளேயர் சின்னதுதான், கோப்பு எப்படி? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

வெப் செயலியில் லாட்டி, அதாவது கோப்பாக வரும் அசைவுகளைத் திரையில் ஓட்டும் நிரல் நூலகம், போட்டுப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த அசைவை பாடிமூவின் என்ற பிளகின், ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவுக் கோப்பாக எழுதித் தரும். லாட்டி-வெப் அந்த ஜேசனைப் படித்து உலாவியிலேயே எஸ்விஜியாகவோ (தனித்தனி வடிவ உறுப்புகளாக) கேன்வாஸிலோ (ஒற்றை வரைபலகையில்) வரையும். வழக்கமாகப் படப்புள்ளிகள் இருக்காது, வடிவங்களின் கணக்கு மட்டுமே. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது. 2017-ல் ஏர்பிஎன்பி நிறுவனம் லாட்டியை வெளியிட்டபோது லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் கலைஞரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் எடுத்தவர் அவர். வெட்டிய வடிவங்களை நகர்த்துவதுதானே இங்கேயும் நடக்கிறது. இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு எந்த நூலகத்துக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நீண்ட பட்டியல், ஒவ்வொரு வரிசையிலும் நிலையைக் காட்டும் சின்ன அசையும் ஐகான். என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. பழைய போன் ஒன்றில் திறந்தால் ஸ்க்ரோல் திக்கித் திக்கி நகர்ந்தது. நூலகம்தான் கனம் என்று முடிவு கட்டி, முழுப் பதிப்பை எடுத்துவிட்டு லைட் பதிப்பைப் போட்டேன். அதில் எஸ்விஜி ரெண்டரர், அதாவது எஸ்விஜியாக வரையும் பகுதி, மட்டும் இருக்கும்; அசைவைக் கணக்கிடும் நிரல் துண்டுகளான எக்ஸ்பிரஷன்கள் இருக்காது. பண்டில், அதாவது உலாவிக்குப் போகும் நிரல் தொகுப்பு, நன்றாகவே இளைத்தது. ஸ்க்ரோல் மட்டும் அப்படியேதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் ஜேசன் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியது. 40 பிக்சலில் தெரியும் ஒரு டிக் குறி, கோப்போ 1.4 எம்பி! இணைத்த படங்கள் இருக்கும் அசெட்ஸ் பகுதியில், படத்தை எழுத்தாக மாற்றிய பேஸ்64 எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின. நிழலுக்காக யாரோ ஒரு பிஎன்ஜி படத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஐகானில் சட்டகத்துக்கு வெளியே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், இருநூறுக்கும் மேல் லேயர்கள் பறந்துகொண்டிருந்தன. எஸ்விஜி ரெண்டரர் வடிவங்களை டாம் உறுப்புகளாக, அதாவது பக்கத்தின் தனித்தனி உறுப்புகளாக, உருவாக்கி, அசைபவற்றை ஃபிரேம் தோறும் திருத்திக்கொண்டே இருக்கும். அதை முப்பது வரிசையால் பெருக்கினால் பழைய போன் என்ன செய்யும், பாவம்.

படத்தை எடுத்துவிட்டு நிழலையும் வடிவமாகவே வரைந்து வாங்கினோம். அப்புறம், ஓர் உறுப்பு திரையில் தெரிகிறதா என்று சொல்லும் இன்டர்செக்ஷன் அப்சர்வர் வைத்து, திரைக்கு வெளியே போன வரிசைகளை நிறுத்தினேன். வேறு டேபுக்குப் போனால் உலாவியே வரைவதை நிறுத்திவிடும். அதே பக்கத்தில் ஸ்க்ரோல் ஆகி மறைந்தவற்றை நாம்தான் நிறுத்தியாக வேண்டும். அதோடு செட்சப்ஃபிரேம் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தேன். கோப்பு நொடிக்கு 30 ஃபிரேம் என்றாலும், லாட்டி-வெப் இயல்பாகத் திரை புதுப்பிக்கும்போதெல்லாம் இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிட்டு வரையும். சின்ன ஐகானுக்கு அந்த வழுவழுப்பு தேவையே இல்லை.

இப்போதெல்லாம் கோப்பு கைக்கு வந்ததும் எடிட்டரில் திறந்து, லேயர்கள் எத்தனை, அசெட்ஸில் படம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிரலில் கை வைக்கிறேன். உங்களுக்கு எப்படி?

மறுமொழி 1

எனக்குக் கோப்பு நன்றாகத்தான் இருந்தது, நிறுத்தத்தான் மறந்தேன். ஒற்றைப் பக்கச் செயலி அது, பக்கம் மாறினாலும் உலாவி முழுதாக மறுபடி ஏற்றாது. ஒரு பக்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் லோட்அனிமேஷன் கூப்பிடுகிறேன், வெளியேறும்போது அதை அழிக்கும் டெஸ்ட்ராய் கூப்பிடவில்லை. பத்திருபது முறை போய் வந்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போனது. திரையில் இல்லாத அனிமேஷன்களும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் தடயம் வேறு உருவத்தில் வந்தது. ரியாக்ட் என்ற இடைமுக நூலகத்தின் 18-ஆம் பதிப்புக்கு மாறிய அன்று, ஒரே அனிமேஷன் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தெரிந்தது. டெவலப்மென்டில் ரியாக்டின் பிழை தேடும் ஸ்ட்ரிக்ட் மோட், திரையில் வந்ததும் ஓடும் நிரலான எஃபெக்டை ஒருமுறை ஓட்டி, துப்புரவு செய்து, மறுபடி ஓட்டிப் பார்க்கும். நான் துப்புரவே எழுதாததால் இரண்டும் நின்றுவிட்டன. நிறையப் பேர் இதற்கு ஸ்ட்ரிக்ட் மோடையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது சரியான இடத்தைத்தான் காட்டுகிறது.

இன்னொன்று: அனிமேஷன்டேட்டாவாகக் கொடுக்கும் ஜேசன் பொருளை நூலகம் தன் வசதிக்கு உள்ளேயே மாற்றிக்கொள்ளும். ஒரே பொருளை இரண்டு இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் நகலெடுத்துக் கொடுங்கள்.

மறுமொழி 2

சஃபாரியில் மட்டும் மாஸ்க் (வடிவத்தின் ஒரு பகுதியை மறைப்பது) வேலை செய்யாமல் ஒரு வாரம் தவித்தேன். பக்கத்தில் முகவரிகளுக்கு அடிப்படை குறிக்கும் பேஸ் டேக் இருந்தால், எஸ்விஜிக்குள் இருக்கும் ஐடி சுட்டல்கள் வேறு முகவரியைத் தேடிப் போய்விடுகின்றன. அனிமேஷனை ஏற்றும் முன் செட்லொகேஷன்ஹ்ரெஃப் கூப்பிட்டு, நடப்பு முகவரியைக் கொடுத்தேன். தீர்ந்தது.

மறுமொழி 3

எங்கள் செயலியில், எந்த நிரல் ஓடலாம் என்று உலாவிக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, அதாவது சிஎஸ்பி, மிகக் கண்டிப்பானது. ஒரு அனிமேஷனில் பாதி அசைகிறது, பாதி உறைந்து நிற்கிறது. கன்சோலைப் பார்த்தால், எழுத்தை நிரலாக ஓட்டும் ஈவால் தடுக்கப்பட்டது என்று பிழை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எக்ஸ்பிரஷன் என்பது ஜாவாஸ்கிரிப்ட் துண்டு. அது ஜேசனுக்குள் எழுத்தாகவே வருகிறது, முழுப் பதிப்பு அதை ஈவால் செய்து ஓட்டுகிறது. அதற்காகக் கொள்கையைத் தளர்த்தச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். எக்ஸ்பிரஷன்களைக் கீஃபிரேம்களாக (நேரத்துக்கு நேரம் குறித்து வைத்த மதிப்புகளாக) மாற்றும் கட்டளை ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே இருக்கிறது. அப்படி மாற்றி வாங்கி, லைட் பதிப்பில் ஓட்டினோம். கோப்பு கொஞ்சம் பெருத்தது, பரவாயில்லை.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் இறுதியில், பரவலாகப் பயன்பட்ட ஒரு லாட்டி பிளேயர் பொதியின் 2.0.5, 2.0.6, 2.0.7 பதிப்புகளில் தீய நிரல் புகுந்தது. சிடிஎன் (கோப்புகளைப் பரிமாறும் பொது சர்வர்) முகவரியில் பதிப்பு எண் போடாமல் எப்போதும் புதியதையே இழுத்த தளங்களில், கிரிப்டோ வாலட்டை இணைக்கச் சொல்லும் பெட்டி திடீரென்று எழுந்தது. எண்ணைக் குறிப்பிட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே எங்கள் எல்லாப் பக்கங்களையும் தேடி எண் போட்டோம்.

மறுமொழி 4

நான் அந்தப் பக்கம் இருப்பவள், அனிமேஷன் வரைபவள். தொடக்கப் பதிவில் சொன்ன பிஎன்ஜி நிழலை நானும் செய்திருக்கிறேன். ஏன் செய்தேன் என்றும் சொல்கிறேன். லேயர் ஸ்டைலில் நிழல் போட்டால் ஏற்றுமதியானதும் காணாமல் போகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இருக்கும் எஃபெக்டுகளில் பெரும்பாலானவற்றைப் பிளேயருக்குத் தெரியாது. கெடு நெருங்கும்போது படமாக ஒட்டுவதுதான் சுலபமான வழி.

ஐகான் எந்த அளவில் தெரியப் போகிறது, ஒரு பக்கத்தில் எத்தனை வரும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. 40 பிக்சல் என்று தெரிந்திருந்தால் அந்த நிழலே போட்டிருக்க மாட்டேன். கோப்பு கேட்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள், நிறைய வேலை மிச்சமாகும்.

எழுத்து வருகிற அனிமேஷன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். டெக்ஸ்ட் லேயரை நூலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்து அடுக்குகிறது. தமிழில் எனக்குக் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் போனது. இப்போது எழுத்தை முன்கூட்டியே வடிவமாக மாற்றிவிடுகிறேன். மாறக்கூடிய சொல் என்றால் அனிமேஷனில் இடம் மட்டும் விட்டு, மேலே எச்டிஎம்எல் எழுத்தாகப் போடச் சொல்கிறேன்.

மறுமொழி 5

ஒரு பயனர், எங்கள் முகப்பில் ஓயாமல் சுழலும் பின்னணியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தார். சங்கடமாக இருந்தது. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்த வழி வேண்டும் என்று டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சொல்கிறது. நாங்கள் அதைப் படித்தும் விட்டுவிட்டோம். இப்போது நிறுத்தும் பொத்தான் உண்டு. சாதனத்தில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பவர்களுக்குத் தானாக ஓடாது, கோடூஅண்ட்ஸ்டாப் கொண்டு ஒரு ஃபிரேமில் நிறுத்திவிடுகிறோம். முதல் ஃபிரேமில் நிறுத்தாதீர்கள், பல கோப்புகளில் அது வெறுமையாகவே இருக்கும்.

தொடக்கப் பதிவர்

அந்த முதல் ஃபிரேம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் டிக் குறியும் வெறுமையில்தான் தொடங்குகிறது, இன்றே மாற்றுகிறேன். வரைபவருக்கு நன்றி தோழி, அடுத்த கோரிக்கையில் அளவும் எண்ணிக்கையும் கட்டாயம் இருக்கும்.

டாட்லாட்டி கோப்புகளை யாராவது பட்டியலில் போட்டுப் பார்த்தீர்களா? அது ஜேசனை ஜிப்பாகச் சுருக்கியதுதான். இறக்கம் குறையும், ஆனால் லேயர் எண்ணிக்கை அதேதான். அதன் பிளேயர், உலாவி வேகமாக ஓட்டும் நிரல் வடிவமான வெப் அசெம்பிளியில் ஓடி கேன்வாஸில் வரைகிறது, அதனால் டாம் சுமை இருக்காது. முப்பது கேன்வாஸ் ஒரே பக்கத்தில் இருந்தால் பழைய போனில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.