விற்றுவிட்ட தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஈடாக ஒன்று கிடைக்குமா?

குளுவாங் பேரன்:
வணக்கம். ஜோகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் தாத்தா, செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிடாமல் காப்பதற்காக, உரிமத்துடன் 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்தது. அவர் உயரம் குறைந்தவர் என்பதால், தோளில் பொருத்தும் மரக்கட்டையின் பின்புறத்தை ஒரு விரல் அளவு அறுத்து ரப்பர் பட்டை பொருத்தியிருந்தார். 1986-ல், நாங்கள் சிங்கப்பூருக்குக் குடிவந்தபோது, செலவுக்காக அப்பா அதை விற்றுவிட்டார். தாத்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்ணெய் தோய்ந்த துடைதுணியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். இன்று அது என்னிடம் இருக்கிறது. அதே துப்பாக்கியைத் தேடுவதா, அதே வகையில் வேறொன்றை வாங்குவதா? தெம்பனிஸில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதை வைத்துக்கொள்ள வழி உண்டா?

உட்லண்ட்ஸ்வாசி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதில் தவறு நேரக் கூடாது. வீட்டில் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி சிறையும் பிரம்படியும் உண்டு. ஜோகூரில் யாராவது தாத்தாவின் பழைய தோட்டா ஒன்றைக் கையில் கொடுத்தால்கூட, அதைச் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

களிமண் தட்டு:
ஐயா, நான் பல ஆண்டுகளாகப் பழைய சுவா சூ காங் சாலையிலுள்ள சுடுதளத்தில் வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டு வருகிறேன். அங்கே துப்பாக்கிகள் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும். எங்களில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

என் கருத்தில், அசலைத் தேடுவதே முறை. அதே நிறுவனத்தின் துப்பாக்கி இன்னொன்று கிடைத்தாலும், உங்கள் தாத்தா அறுத்த கட்டை அதில் இராது. தோளில் வைத்த கணமே வேறொருவருடையது என்று தெரிந்துவிடும். பழைய உரிமப் புத்தகத்தில் தொடர் எண் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். துப்பாக்கி கண்ணில் பட்டால், குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: துப்பாக்கிக் குழல்களின் உறுதியைச் சோதித்து முத்திரையிடும், 1813-ல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் அங்கேதான் பதிந்திருக்கும். குழலில் உள்ள எண்ணும் விசைப் பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், எப்போதோ குழலை மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தோட்டா அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர்தான். இன்று பரவலாக விற்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் இடுவது ஆபத்து.

குளுவாங் பேரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. குளுவாங்கில் இருக்கும் அத்தை மகன் தகரப் பெட்டியைத் துழாவி உரிமப் புத்தகத்தைக் கண்டெடுத்து, எண் தெரியும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அவரே அங்குள்ள துப்பாக்கிக் கடைகளில் விசாரிக்கிறார். அது கிடைத்தால், உரிமம் பெறக்கூடிய உறவினர் எவரிடமாவது ஜோகூரிலேயே இருக்கட்டும். நான் போய்ப் பார்த்து வந்தால் போதும். அதுவரை உங்கள் சுடுதளத்துக்கு ஒருநாள் வந்து, இரட்டைக் குழல் ஒன்றை அருகில் நின்று பார்க்க விரும்புகிறேன்.

களிமண் தட்டு:
சனிக்கிழமை காலை வாருங்கள். அந்தத் துணியையும் எடுத்து வாருங்கள். சுட்டு முடித்ததும் குழலைத் துடைக்க வேண்டியிருக்கும்.