அரசு சைபர் மாநாடுகளால் ஓட்டைகள் அடைபடுகின்றனவா?

தரமணி சோதனையாளன்:
அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து சென்னையில் நடத்தும் தகவல் தொழில்நுட்ப மாநாடுகளுக்கு ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அவற்றில் நடக்கும் சைபர் பாதுகாப்பு அமர்வுகளால் அரசுத் தளங்களின் பாதுகாப்பு கூடவில்லை என்பது என் கருத்து. மேடையில் அமர்கிறவர்களில் பெரும்பாலோர் அரசுக்குக் கருவிகளையும் சேவைகளையும் விற்க வருகிறவர்கள். தளங்களின் பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் என்போன்ற சோதனையாளர்களுக்கு அங்கே இடமில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அரசுத் துறையின் தளத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகவரியிலிருந்த எண்ணைத் தவறுதலாக மாற்றிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவருடைய சான்றிதழ் திறந்தது. உடனே மூடிவிட்டு, தளத்தில் கொடுத்திருந்த இரண்டு மின்னஞ்சல்களுக்கும் எழுதினேன். ஒன்று திரும்பி வந்தது, மற்றதற்குப் பதில் இல்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில் ஓர் அதிகாரியிடம் நேரில் சொன்னேன். பத்து நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

மின்னாளுமைப் பணியாளர்:
ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சியே மாநாட்டின் பயனுக்குச் சாட்சி சொல்கிறது. அந்தத் தேநீர் இடைவேளை இல்லாதிருந்தால் அந்த ஓட்டை இன்றும் திறந்தே இருந்திருக்கும்.

நான் அரசுப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு துறையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்தோ வேறு நிர்வாகப் பணியிலிருந்தோ வருகிறவர். விஷயம் பிடிபடும் நேரத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் இந்தத் துறையின் பேச்சை முதன்முதலாகக் கேட்கும் இடம் பல நேரங்களில் மாநாடுதான். தமிழ்நாட்டின் சைபர் பாதுகாப்புக் கொள்கை 2020 செப்டம்பரில் 'கனெக்ட்' என்ற தகவல் தொழில்நுட்ப மாநாட்டில்தான் வெளியிடப்பட்டது. தொழில்துறை முன்னிலையில் வெளியிட்டதால், அதை நடைமுறைப்படுத்தும்படி கேட்கும் உரிமை வெளியாருக்கும் கிடைத்தது.

எல்லா ஆபத்தும் முகவரியில் எண்ணை மாற்றுவதால் வருவதும் இல்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்துவைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு பதில் சொன்னது. வெளியிலிருந்து ஒரு தளத்தைச் சோதிப்பவர் கண்ணில் இது படாது. உள்ளே இருக்கும் நிர்வாகிக்குப் பயிற்சி வேண்டும், பணம் ஒதுக்குகிற மேலதிகாரிக்கு அதன் அவசியம் புரிய வேண்டும்.

தரமணி சோதனையாளன்:
எய்ம்ஸ் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அதிகாரியிடம் நான் பேச முடிந்தது, நான் சென்னையில் இருப்பதாலும் என் நிறுவனம் நுழைவுச் சீட்டு வாங்கித் தந்ததாலும்தான். இதே ஓட்டையைத் தென்காசியில் ஒரு கல்லூரி மாணவி கண்டிருந்தால் அவள் எந்தத் தேநீர் இடைவேளைக்குப் போவாள்? ஆள் பார்த்துச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்ற நிலையை மாநாட்டின் வெற்றியாக என்னால் எண்ண முடியவில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016இல் 'ஹேக் த பென்டகன்' என்ற பெயரில் தன் பொதுத் தளங்களைச் சோதிக்க வெளியாரை அழைத்தது. 1,400 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள், 138 உண்மையான குறைகள் வெளிப்பட்டன, மொத்தச் செலவு சுமார் 1,50,000 டாலர். வழக்கமான முறையில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் 10 லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என்று அப்போதைய பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் சொன்னார். 2020இல் அந்நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, குறைகளைத் தெரிவிக்கும் வழியைப் பொதுவில் அறிவிக்குமாறு அந்நாட்டு ஒன்றிய அரசின் ராணுவம் சாராத துறைகளுக்கு ஆணையே இட்டது. தொழில்துறை ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

சட்ட மாணவி:
இருவரும் சட்டத்தைத் தொடாமல் பேசுகிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்கு உரிய செயலாக வைத்திருக்கிறது. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு குறையைக் கண்டு சொல்பவருக்கென்று தனி விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. தன் எண்ணம் நல்லது என்பதை அந்தத் தென்காசி மாணவி காவல் நிலையத்தில் விளக்க வேண்டிவரலாம்.

சோதனையாளர் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறைகளைத் தெரிவிக்க, ஒன்றிய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. துறை பதில் சொல்லாதபோது நீங்கள் அங்கே எழுதியிருக்கலாம். அங்கே போன புகார் என்ன ஆனது என்று கேட்பது வேறு விஷயம்: 2023 நவம்பரில் அந்த அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கூட்டாண்மை என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இதைப் பற்றி யாராவது கேள்வி எழுப்ப வேண்டும் என்பது என் ஆதங்கம்.

தரமணி சோதனையாளன்:
செர்ட்-இன்னுக்கு எழுதாதது என் தவறு. திருத்தியதற்கு நன்றி அம்மா.

மின்னாளுமைப் பணியாளர்:
43ஆம் பிரிவு பற்றிச் சொன்னது சரி. அதை மாற்றுவது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஆனால் முன்கூட்டிப் பேசாமல் விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் செர்ட்-இன்னே உதாரணம். சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை வந்தது. நிறுவனங்கள் தங்களால் இயலாது என்று முறையிட்ட பிறகு விளக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். சிறு நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசமும் கொடுத்தார்கள். அந்தப் பேச்சை முதலிலேயே நடத்தியிருக்கலாம். அதற்கு ஒரே இடத்தில் கூடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தரமணி சோதனையாளன்:
கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளக் காவல்துறை கொச்சியில் நடத்தும் மாநாட்டில் சோதனையாளர்களே மேடையேறிப் பேசுகிறார்கள், பக்கத்து அரங்கில் மாணவர்களுக்குப் போட்டி நடக்கிறது. அப்படிக் கூடுங்கள் என்கிறேன். அதுவரை, ஒவ்வொரு அரசுத் தளமும் 'செக்யூரிட்டி.டெக்ஸ்ட்' (security.txt) என்ற சிறு கோப்பை வைத்தால் போதும். குறையை யாருக்கு எழுதுவது, எந்த முகவரிக்கு எழுதுவது என்பதை அதில் சொல்லலாம். 2022இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9116 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதன் வடிவத்தையே வரையறுத்துத் தந்திருக்கிறது. பத்து வரிக்கு மேல் வராது, செலவும் இல்லை.

மின்னாளுமைப் பணியாளர்:
இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத் தளத்தில் அந்தக் கோப்பை ஏற்றத் தரவு மையத்தின் ஒப்புதல் வேண்டும். வருகிற மின்னஞ்சலைத் தினமும் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமிக்கவும் வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதம் முன்பு தேங்கிக் கிடந்தது அந்த இடத்தில்தான். திங்கட்கிழமை இரண்டுக்கும் குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறேன். என்ன பதில் வந்தாலும் இதே இழையில் தெரிவிக்கிறேன்.